நல்ல பாக்டீரியாவை வளர்த்துக் கொண்டுபோய் விட்டால் போதாதா?

வேதியியல் முதுகலை படிக்கும் ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். குடலிலோ மண்ணிலோ சேர்ந்து வாழும் நுண்ணுயிரிகளின் சமூகம் சீர்கெட்டால், அதைச் சரிசெய்ய, காணாமல்போன நல்ல பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்த்துத் திரும்பச் சேர்த்துவிட்டால் ஆகாதா? மருத்துவர், சூழலியலாளர், கணிதக்காரர், மண் விஞ்ஞானி என்று இத்தனை பேர் எதற்கு? கூடவே, தன் துறைக்கு இதில் வேலை உண்டா என்றும் கேட்கிறார்.

பெரும்பாலான சமயம் ஆகாது. சில சமயம் பிரமாதமாக ஆகும். எது எப்போது என்பதுதான் இந்தத் துறையின் மொத்தப் பிரச்சினை. ஒரு சமூகம் கெட்டுக் கிடக்கிறது என்றால் அங்கே உயிரியே இல்லாமல் இருக்கலாம். உயிரி இருந்தும் தீனி இல்லாமல் இருக்கலாம். இரண்டும் இருந்து இடம் ஒத்துவராமல் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். எது குறை என்று கண்டுபிடிக்காமல் பாக்டீரியாவைக் கொட்டுகிறவர்கள்தான் அதிகம், விற்கிறவர்கள் இன்னும் அதிகம்.

எண்ணெயிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே விஷயம் பளிச்சென்று தெரியும். 1989 மார்ச்சில் அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் தரைதட்டி, சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாக்களைப் பைகளில் அடைத்து விற்க அப்போதே நிறுவனங்கள் வரிசைகட்டின. ஆனால் அந்தக் கரைக் கூழாங்கற்களில் ஹைட்ரோகார்பனைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் ஏற்கெனவே இருந்தன. எண்ணெய் வந்ததும் பெருகியும் விட்டன. அவற்றுக்கு இல்லாமல் போனது நைட்ரஜனும் பாஸ்பரசும். கச்சா எண்ணெயில் கார்பன் மலைபோல் இருக்கும், மற்ற இரண்டும் சொற்பம். உரம் தெளித்த கரைகளில் சிதைவு வேகம் பிடித்தது. பை பாக்டீரியாவைச் சேர்த்துப் பார்த்த சோதனைகளில் உரத்துக்கு மேல் எந்தப் பலனும் தெரியவில்லை.

அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. இருபது ஆண்டு கழித்தும் சில கரைகளைத் தோண்டினால் எண்ணெய் அப்படியே இருந்தது. பாக்டீரியாவும் உண்டு, உரமும் போட்டாயிற்று, பின் ஏன்? பதில் சொன்னவர்கள் நுண்ணுயிரியலாளர்கள் அல்ல, நிலத்தடி நீரோட்டத்தைப் படிக்கும் பொறியாளர்கள். 2010-இல் மிஷேல் பூஃபாதெலும் அவர் குழுவும் அந்தக் கரைகளில் இரண்டு அடுக்குகள் இருப்பதைக் காட்டினார்கள். மேலடுக்கில் நீர் தாராளமாக ஓடுகிறது. கீழடுக்கு இறுகியது, அதில் நீர் புகுவதே அரிது, அதனால் ஆக்சிஜனும் இல்லை. எண்ணெய் அந்தக் கீழடுக்கில் போய் மாட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நல்ல பாக்டீரியாவானாலும் மூச்சுவிட ஒன்றும் இல்லாத இடத்தில் என்ன செய்யும்?

இப்போது நேர் எதிரான கதை. உலோகப் பாகங்களில் பிசுக்கு எடுக்கவும் உலர்சலவைக்கும் பயன்பட்ட குளோரின் கரைப்பான்கள் பல நாடுகளில் நிலத்தடி நீரில் இறங்கிக் கிடக்கின்றன. ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் சில பாக்டீரியாக்கள் இவற்றிலிருந்து குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றும். நான்கு குளோரின் மூன்றாகும், மூன்று இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். சிக்கல் கடைசிப் படிகளில். ஒரு குளோரின் மிஞ்சிய நிலைதான் வினைல் குளோரைடு, புற்றுநோயை உண்டாக்குவது என்று உறுதியான பொருள். அதாவது வேலை பாதியில் நின்றால் ஆரம்பித்ததைவிட மோசமான இடத்தில் நிற்போம். பல தளங்களில் அப்படித்தான் நின்றது. அங்கே எத்தனை தீனி போட்டாலும் நகரவில்லை, ஏனென்றால் கடைசிக் குளோரினையும் கழற்றி எத்திலீனாக்கும் டீஹேலோகாக்காய்டிஸ் என்ற உயிரி அங்கே இல்லை. 1997-இல் கார்னெல் பல்கலைக்கழகக் குழு ஒன்று அதைத் தனியாகப் பிரித்து அறிவித்தது. இன்றைக்கு அது அடங்கிய கலவைகளைக் குழாய்க் கிணறு வழியாக நிலத்துக்குள் செலுத்துவது வழக்கமான தொழில்.

இங்கே ‘கலவை’ என்று சொல்வதைக் கவனியுங்கள். டீஹேலோகாக்காய்டிஸ் படு செல்லம் கொஞ்சும் உயிரி. ஆக்சிஜன் பட்டால் ஆகாது. ஹைட்ரஜனை வேறொருவர் நொதித்துத் தர வேண்டும். பி12 வைட்டமினை அதனால் தயாரித்துக்கொள்ள முடியாது, அதுவும் அக்கம்பக்கத்திலிருந்தே வர வேண்டும். ஆகவே தனி ஆளாகக் கொண்டுபோனால் தங்காது, குடும்பத்தோடுதான் கொண்டுபோக வேண்டும். ‘காணாமல்போன பாக்டீரியா’ என்று ஒற்றையில் பேசுவதே பல நேரம் தவறான பேச்சு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மனித உடலுக்கு வருவோம். உங்கள் கேள்விக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் குடல்தான் என்று நினைக்கிறேன்.

க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவின் வித்துகள், அதாவது அதன் உறங்குநிலை வடிவங்கள், நம்மில் பலர் வயிற்றுக்குள் வந்து போகின்றன, ஒன்றும் ஆவதில்லை. ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களுக்கு மட்டும் அது கொடிய வயிற்றுப்போக்காக மாறும். ஏன் என்பதில் உங்கள் துறை நேரடியாக வருகிறது. கல்லீரல் சுரக்கும் முதன்மைப் பித்த அமிலங்களில் ஒன்று டாரின் என்ற சிறு மூலக்கூறு ஒட்டிய கோலிக் அமிலம். டிஃபிசில் வித்துக்கு இதுதான் ‘முளை’ என்ற சமிக்ஞை. சாதாரணக் குடலில் இந்த அமிலம் பெருங்குடலுக்கு வந்ததும் பாக்டீரியாக்கள் டாரினை வெட்டிவிடும். பிறகு மிகச் சில இனங்கள் மட்டும் ஏழாவது கார்பனில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதியைக் கழற்றி அதை டீஆக்சிகோலிக் அமிலமாக்கும். இந்த அமிலம் டிஃபிசிலின் வளர்ச்சியை முடக்கும். ஒரே ஒரு ஹைட்ராக்சில்! அது இருந்தால் விதை முளைக்கும், கழன்றால் முளைத்தது வளராது. ஆன்டிபயாட்டிக் அந்தக் கழற்றும் இனங்களைக் கொன்றுவிடுகிறது. நோய்க்குக் கொடுக்கும் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் அதே வேலையைத்தான் தொடர்கிறது. அதனால்தான் சிலருக்கு மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பத் திரும்ப வருகிறது.

1958-இல் டென்வரில் பென் ஐஸ்மன் என்ற அறுவை மருத்துவரும் அவர் சகாக்களும், சாகக் கிடந்த நான்கு குடலழற்சி நோயாளிகளுக்கு நலமான ஒருவரின் மலத்தை எனிமாவாகச் செலுத்திப் பிழைக்க வைத்ததாக எழுதினார்கள். மருத்துவ உலகம் முகம் சுளித்துவிட்டு அரை நூற்றாண்டு அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2013-இல் நெதர்லாந்தில் முறையான சோதனை வந்தது. திரும்பத் திரும்ப நோய் வந்தவர்களில் மல மாற்றுச் சிகிச்சை பெற்ற 16 பேரில் 13 பேர் முதல் முறையிலேயே குணமானார்கள். வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் 4 பேர்தான். வித்தியாசம் இவ்வளவு இருந்ததால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

குணமானது சரி, எந்த உயிரி குணமாக்கியது? இங்கேதான் கணிதக்காரர்கள் வருகிறார்கள். 1920-களில் இரை-வேட்டை விலங்குகளுக்காக லோட்காவும் வோல்டெராவும் எழுதிய சமன்பாடுகளின் நீட்டித்த வடிவத்தை எடுத்து, எலிக் குடலிலும் நோயாளிகளிடமும் நாள்தோறும் மாறிய பாக்டீரியா அளவுகளுக்குப் பொருத்தினார்கள். யார் யாரைத் தடுக்கிறார்கள் என்ற வலைப்படம் கிடைத்தது. அதில் டிஃபிசிலைத் தடுப்பதாக முன்னால் வந்து நின்ற பெயர்களில் ஒன்று க்ளாஸ்ட்ரிடியம் சிண்டென்ஸ். அந்த ஹைட்ராக்சிலைக் கழற்றும் சொற்ப இனங்களில் ஒன்று அது. எலிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது எதிர்ப்பு ஓரளவு திரும்பியது. 2015-இல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மையத்திலிருந்து வந்த வேலை இது. மருத்துவர் மாதிரி எடுத்தார், கணிதக்காரர் பெயரைச் சுட்டினார், வேதியியலாளர் அமிலத்தை அளந்தார். மூவரில் ஒருவர் குறைந்தாலும் அந்தக் கட்டுரை இல்லை.

இதே கதைக்கு இருட்டுப் பக்கமும் உண்டு. 2019-இல் அமெரிக்காவில் மல மாற்றுச் சிகிச்சை பெற்ற, எதிர்ப்புச் சக்தி குன்றிய ஒருவர், கொடையாளியின் மலத்தில் இருந்த பல மருந்துகளை எதிர்க்கும் ஈ. கோலையால் இறந்தார். ஒரு சமூகத்தை முழுசாக இடம் மாற்றினால் வேண்டாதவர்களும் சேர்ந்தே வருவார்கள். அதன் பிறகு கொடையாளிச் சோதனைகள் இறுகின. 2022-லும் 2023-லும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒவ்வொரு தயாரிப்பாக இரண்டை அனுமதித்தது. இரண்டாவது, மலத்திலிருந்து பிரித்தெடுத்த வித்துகளை மட்டும் அடைத்த மாத்திரை. இதே மாத்திரை 2016-இல் இரண்டாம் கட்டச் சோதனையில் தோற்றது என்பது பலருக்கு மறந்துபோயிருக்கும். அளவைக் கூட்டி, நோயை உறுதிசெய்யும் பரிசோதனையையும் இறுக்கிப் பிறகே வென்றார்கள்.

டிஃபிசிலில் கிடைத்த வெற்றியைப் பார்த்து உடல் பருமன், மன அழுத்தம், ஆட்டிசம் என்று எல்லாவற்றுக்கும் இதைக் கொண்டு ஓடினார்கள். பலன் அரைகுறைதான். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. டிஃபிசில் நோயாளியின் குடல் கிட்டத்தட்ட காலி மனை, வந்தவர் குடியேறலாம். பருமனானவர் குடலில் எல்லா இடமும் நிறைந்திருக்கிறது. புதியவர் எதைத் தின்பார், எங்கே ஒட்டுவார்?

நல்ல பாக்டீரியா என்று உயிரோடு விற்கும் புரோபயாட்டிக் விஷயத்தில் இதே கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆன்டிபயாட்டிக் முடிந்ததும் புரோபயாட்டிக் எடுங்கள் என்பது இப்போது ஏறக்குறைய பொது அறிவாகிவிட்டது. 2018-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் தன்னார்வலர்களுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்து, மூன்று பிரிவாகப் பிரித்து, குடலுக்குள்ளேயே மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவு சும்மா காத்திருந்தது. ஒரு பிரிவு 11 வகை பாக்டீரியா கொண்ட புரோபயாட்டிக் எடுத்தது. மூன்றாவது பிரிவுக்கு, ஆன்டிபயாட்டிக்குக்கு முன்பே சேமித்து வைத்த அவரவர் சொந்த மலமே திரும்பிப் போனது. மூன்றாம் பிரிவு சில நாட்களில் பழைய நிலைக்கு வந்தது. காத்திருந்தவர்கள் அடுத்து. புரோபயாட்டிக் எடுத்தவர்களே கடைசி; வந்து உட்கார்ந்த அந்த விருந்தாளிகள் சொந்தக்காரர்கள் திரும்புவதைத் தாமதப்படுத்தினார்கள். சிறிய ஆய்வுதான், சில புரோபயாட்டிக்குகள் சில நோய்களில் பயன்படவும் செய்கின்றன. ஆனால் முதலில் வந்தவருக்கு இடம் என்ற சூழலியல் விதி குடலுக்குள்ளும் செல்லும் என்பதை அது காட்டிவிட்டது.

தீனிப் பக்கம் பார்த்தால் இரண்டு வேலைகளைச் சொல்லாமல் விட முடியாது. ஸ்டான்ஃபோர்டில் சோனன்பர்க் குழு, மனிதக் குடல் பாக்டீரியாக்களைக் குடியேற்றிய எலிகளுக்கு நார்ச்சத்து குறைந்த உணவைத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தது. முதல் தலைமுறையில் குறைந்த இனங்கள் உணவை மாற்றியதும் பெரும்பாலும் திரும்பின. நான்காம் தலைமுறைக்கு வந்தபோது நார்ச்சத்தைத் திரும்பக் கொடுத்தும் பயனில்லை. பல இனங்கள் அந்த வம்சத்திலிருந்தே போய்விட்டிருந்தன. நார்ச்சத்தோடு இழந்த பாக்டீரியாக்களையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் மீண்டது. 2016-இல் வெளிவந்தது. முதல் தலைமுறைக்குத் தீனி மட்டும் போதும், நான்காவதற்குப் போதாது. ஒரே எலி இனம், ஒரே குறைபாடு, மருந்து வேறு.

மற்றது வங்கதேசத்தில் நடந்தது. ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளின் குடல் நுண்ணுயிர்த் தொகுதி வயதுக்கு ஏற்ப முதிராமல் பின்தங்கியே இருக்கிறது என்று செயின்ட் லூயிஸில் ஜெஃப்ரி கோர்டன் குழுவும், டாக்காவில் தஹ்மீத் அகமதும் சகாக்களும் 2014-இல் காட்டினார்கள். வழக்கமான சத்துணவுப் பசையைக் கொடுத்தால் எடை கூடியது, ஆனால் நுண்ணுயிர்த் தொகுதி முதிர்ந்தது தற்காலிகமாகத்தான். இவர்கள் பாக்டீரியாவைக் கொடுக்கவில்லை. எந்த உணவுப் பொருள் எந்த முதிர்ச்சிக்கால பாக்டீரியாவை வளர்க்கிறது என்று எலியிலும் பன்றிக்குட்டியிலும் ஒவ்வொன்றாகச் சோதித்து, கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு, நிலக்கடலை மாவு, வாழைக்காய் என்று ஒரு கலவைக்கு வந்தார்கள். 2021-இல் வெளியான சோதனையில் டாக்காவின் மிர்பூரைச் சேர்ந்த 123 குழந்தைகள். இந்தக் கலவையில் வழக்கமான சத்துணவைவிடக் கலோரி குறைவு. இருந்தும் எடை ஏற்றம் இதில்தான் வேகமாக இருந்தது. வாழைக்காய் எதற்கு என்று சமையல்காரரைக் கேட்டால் ஒரு பதில் வரும். இங்கே அது குறிப்பிட்ட சில பாக்டீரியாக்களுக்கான தீனியாகத் தேர்வானது. பாக்டீரியாக்களுக்குச் சேர்த்துச் சமைத்த உணவு என்றே இதைச் சொல்வேன்.

மண்ணில் இதெல்லாம் இன்னும் மெதுவாக நடக்கும். நெதர்லாந்தில் விவசாயம் கைவிடப்பட்ட நிலத்தில் மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான தடிமனில் வேற்றிட மண்ணைத் தூவினார்கள். சில பாத்திகளுக்குப் புல்வெளி மண், சில பாத்திகளுக்குப் புதர்க்காட்டு மண். ஆறு ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தால் அந்தந்த மண்ணின் சொந்தத் தாவரங்களை நோக்கியே ஒவ்வொரு பாத்தியும் நகர்ந்திருந்தது. ஜாஸ்பர் வுப்ஸும் சகாக்களும் 2016-இல் வெளியிட்டது. மேல்மண்ணை வழிக்காத இடங்களில் விளைவு மங்கல்: அங்கே பழைய உரமும் பழைய உயிரிகளும் இடத்தைப் பிடித்து வைத்திருந்தன. இதோடு ஒப்பிட்டால், எந்த மண்ணுக்கும் பொருந்தும் என்று பாட்டிலில் வரும் வேர்ப்பூஞ்சைக் கலவைகளைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று சொல்லத் தேவையில்லை. வாங்கிச் சோதித்த ஆய்வுகளில் பல தயாரிப்புகளில் உயிருள்ள பூஞ்சையே இல்லை.

தவளைகள் கதை சுருக்கமாக. கைட்ரிட் பூஞ்சை உலகெங்கும் தவளைகளை அழித்துவருகிறது. ஜாந்தினோபாக்டீரியம் என்ற தோல் பாக்டீரியா ஊதா நிறப் பொருள் ஒன்றைச் சுரந்து அந்தப் பூஞ்சையைக் கொல்லும். கலிஃபோர்னியாவின் ஒரு தவளையினத்தில் அதைத் தடவினார்கள், ஆய்வகத்தில் வேலை செய்தது. பனாமாவின் தங்கத் தவளையில் தடவினார்கள், சில வாரங்களில் காணாமல் போனது, தவளைகள் செத்தன. அதே பாக்டீரியா, வேறு தோல்.

இனி அளவீடு. இதுபற்றிச் செய்தித்தாள்கள் எழுதுவதில்லை, ஆனால் துறைக்குள் பாதிச் சண்டை இதில்தான். 1977-இல் கார்ல் வோஸ், எல்லா உயிரிகளிலும் இருக்கும் ரைபோசோம் ஆர்என்ஏ என்ற மூலக்கூறை வைத்து ஆர்க்கியா என்ற தனி உயிர்க்கிளையையே கண்டார். அதே மூலக்கூறைக் கொண்டுதான் இன்றும் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுக்கிறோம், வளர்க்கவே முடியாத உயிரிகளுக்கும் சேர்த்து. ஆனால் அந்தப் பட்டியல் தருவது விகிதம், எண்ணிக்கை அல்ல. ஒரு இனம் 10 சதவீதத்திலிருந்து 20 சதவீதம் ஆனது என்றால் அது இரட்டிப்பாகியிருக்கலாம். அல்லது அது அப்படியே இருக்க மற்றவர்கள் பாதிக்கும் மேல் செத்திருக்கலாம். முதலாவது என்றால் நல்ல செய்தி, இரண்டாவது என்றால் பேரழிவு, வரைபடத்தில் இரண்டும் ஒன்றே. செத்த பாக்டீரியாவின் டிஎன்ஏவும் பட்டியலில் ஏறும். மாதிரியில் உயிரிகள் குறைவு என்றால் சோதனைக் குப்பியிலேயே இருக்கும் மாசு டிஎன்ஏ முடிவை ஆக்கிரமித்துவிடும் என்று 2014-இல் தெளிவாகக் காட்டினார்கள். ரத்தத்தில் நுண்ணுயிர்த் தொகுதி, மூளையில் நுண்ணுயிர்த் தொகுதி என்று வரும் கட்டுரைகளைப் படிக்கும்போது வெற்றுக் குப்பியையும் சோதித்தார்களா என்று முதலில் தேடுங்கள். நம் உடலில் மனிதச் செல்லுக்குப் பத்து பாக்டீரியா என்று இன்னும் எழுதுகிறார்களே, அதை 2016-இலேயே எண்ணிப் பார்த்து ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று என்று திருத்தியாகிவிட்டது: சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா, 30 லட்சம் கோடி மனிதச் செல்.

மீட்பது என்றால் எதற்கு மீட்பது என்ற கேள்வியும் தொங்கிக்கொண்டேதான் இருக்கிறது. அமேசான் காட்டில் வெளியுலகத் தொடர்பு இல்லாதிருந்த யானோமாமி மக்களிடம், இதுவரை எந்த மனிதக் குழுவிலும் காணாத அளவு நுண்ணுயிர்ப் பன்மை இருப்பதாக 2015-இல் எழுதினார்கள். உடனே அதுதான் ‘அசல்’ நிலை என்று பேச்சு கிளம்பியது. நகரத்தில் வாழ்கிறவரின் குடலுக்குள் காட்டு வேட்டைக்காரரின் தொகுதியை வைத்தால் அது எதைத் தின்று பிழைக்கும் என்பது ஒருபுறம். அந்த மக்களிடம் எடுத்த மாதிரியிலிருந்து நாளைக்கு மருந்து வந்தால் உரிமை யாருடையது என்பது மறுபுறம். இரண்டாவதை ஆய்வகத்தில் தீர்க்க முடியாது. மானுடவியலாளரும் சட்ட வல்லுநரும் குழுவில் இருக்க வேண்டியது அதனால்தான், விண்ணப்பத்தில் அழகுக்குச் சேர்ப்பதற்காக அல்ல.

உண்மையில் இந்தக் கூட்டு வேலை சுலபமாக நடப்பதில்லை. டிஎன்ஏ வரிசை சில நாளில் வந்துவிடும். புல்வெளி ஆறு ஆண்டு எடுக்கும். ஆய்வு நிதி பெரும்பாலும் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். மருத்துவர் கேட்பது நோயாளி குணமானாரா என்று, சூழலியலாளர் கேட்பது சமூகம் நிலைத்ததா என்று. இரண்டும் ஒன்றல்ல, ஒன்று நடந்து மற்றது நடக்காமல் போவதும் உண்டு. சொல்லப்போனால் இதில் மூத்தவர்கள் கழிவுநீர்ப் பொறியாளர்கள்தான். 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டனும் லாக்கெட்டும், காற்று ஊதிய கழிவுநீரில் படிந்த கசட்டைக் கொட்டிவிடாமல் அடுத்த தடவைக்கும் வைத்துக்கொண்டால் சுத்திகரிப்பு வேகமாகிறது என்று கண்டார்கள். காற்று எவ்வளவு, கசடு எத்தனை நாள் என்ற இரண்டு பிடிகளை வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பவர்களின் பெயர்கூடத் தெரியாமல் நூறாண்டாக ஒரு நுண்ணுயிர்ச் சமூகத்தை ஓட்டிவருகிறார்கள். குடல் ஆய்வாளர்கள் அவர்களோடு உட்கார்ந்து பேசுவது குறைவு.

உங்கள் துறைக்கு இதில் வேலை உண்டா என்ற கேள்விக்கு: ஆம், தாராளமாக இடம் உண்டு. உயிரிகளின் பட்டியல் எடுக்க இப்போது ஆள் நிறைய. அவை என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று அளக்கத்தான் ஆள் போதவில்லை. குடல் மாதிரியிலோ மண் மாதிரியிலோ, மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் நிறைநிறமாலைமானியை ஓட்டினால் வரும் சிகரங்களில் பெரும்பகுதிக்கு இன்னும் பெயரே இல்லை. பித்த அமிலங்களிலேயே நுண்ணுயிரிகள் செய்யும் புதிய மாற்றங்களை இந்தச் சில ஆண்டுகளில்தான் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நிறமாலையியலை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள், கூடவே விகிதத் தரவுகளைக் கையாளும் புள்ளியியல் ஒரு பாடம். நுண்ணுயிரியலை அந்த ஆய்வகத்துக்குப் போன பிறகு கற்றுக்கொள்ளலாம். சேரும் முன் அந்தக் குழுவில் வேதியியலாளர் கட்டுரையின் கேள்வியை வகுக்கும் கட்டத்திலேயே உட்காருகிறாரா, அல்லது மாதிரிகளைக் கடைசியில் அவரிடம் அனுப்பி எண்களை மட்டும் வாங்கிக்கொள்கிறார்களா என்று விசாரியுங்கள். இரண்டாவது வகைக் குழுவானால் வேறு இடம் பாருங்கள்.